கடினக் கோளப் பாய்மத்துக்கு எந்த நிலைச் சமன்பாடு? தனிப் பொருளுக்கும் கலவைக்கும் ஓர் ஒப்பீடு

ஒன்றையொன்று ஊடுருவாத உருண்டைகள். தொடும்வரை ஒன்றின் இருப்பே மற்றதற்குத் தெரியாது, ஈர்ப்பு கிடையாது. இதைவிட எளிய திரவ மாதிரி இல்லை. ஆனால் இதற்கென எழுதப்பட்ட நிலைச் சமன்பாடுகள் (அழுத்தத்தை அடர்த்தியோடும் வெப்பநிலையோடும் இணைப்பவை) டஜன்கணக்கில் இருக்கின்றன. சாஃப்ட் (SAFT, மூலக்கூறுகளைக் கோளங்களின் சங்கிலியாகக் கருதும் நிலைச் சமன்பாட்டுக் குடும்பம்) வகை நிரல் எழுதுகிறவரும், கூழ்மத்தின் எக்ஸ்-கதிர்ச் சிதறல் தரவைப் பொருத்துகிறவரும், சிமுலேஷனைச் சரிபார்க்க உட்காருகிறவரும் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் கேள்வி இதுதான்: எதை எடுப்பது?

இரண்டு குறிகளை வைத்துக்கொள்வோம். பொ என்பது பொதிவு விகிதம், அதாவது மொத்தக் கனஅளவில் உருண்டைகள் அடைத்துக்கொண்ட பங்கு. அ என்பது அமுக்கத்திறன் காரணி. அழுத்தத்தை, அதே எண் அடர்த்தியும் வெப்பநிலையும் கொண்ட நல்லியல்பு வாயுவின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது. கடினக் கோளங்களில் அ வெப்பநிலையைப் பொறுத்ததல்ல, பொ ஒன்றையே பொறுத்தது. ஒப்பீடு இவ்வளவு சுத்தமாக அமைவதற்கு அதுவே காரணம்.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

எந்த அடர்த்தி வரை? பொ சுமார் 0.494 வரை பாய்மம், 0.545-க்கு மேல் படிகம். இடையில் இரண்டும் சேர்ந்திருக்கும். ஈர்ப்பே இல்லாமல் உருண்டைகள் உறையும் என்பதை 1957-ல் ஆல்டரும் வெயின்ரைட்டும் மூலக்கூறு இயக்கவியல் வழியாகவும், வுட்டும் ஜேக்கப்சனும் மாண்டி கார்லோ வழியாகவும் காட்டினார்கள். பொ எட்டக்கூடிய உச்சம் 0.7405, முகமைய (fcc) படிக அடுக்கின் பொதிவு அது. கீழே வரும் பாய்மச் சமன்பாடுகள் எதற்கும் இந்த எல்லைகள் தெரியாது. அவற்றை நிரலில் நீங்கள்தான் போட வேண்டும்.

எந்த அளவு தேவை? அழுத்தம் மட்டுமா, கட்டிலா ஆற்றலா, அமுக்குமையா (அழுத்தினால் எவ்வளவு சுருங்கும் என்பது)? அமுக்குமை ஒரு வகைக்கெழு என்பதால் அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை அங்கே பெருத்துவிடும். கட்டிலா ஆற்றல் தொகையீடு. அங்கே பிழை அமுங்கிவிடும்.

கலவையா? விட்ட விகிதம் என்ன? கலவை என்றால் கேள்வியே வேறு. அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டை வைத்து மற்ற மாறிலிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கின்றனவா? இருந்தால் பெரும்பாலும் உங்களுக்குத் தேர்வுரிமை இல்லை.

உள்ளீடு எவ்வளவு துல்லியம்? பலர் தாண்டிப்போவது இதைத்தான். பொ விட்டத்தின் மும்மடியில் மாறுகிறது. பொ = 0.4-ல் அ-வின் சார்பு மாற்றம் பொ-வின் சார்பு மாற்றத்தைப் போல் 2.35 மடங்கு. ஆகவே விட்டத்தில் 1% பிழை இருந்தால் பொ-வில் 3%, அ-வில் 7%. கூழ்மத்தில் நிலைமை இன்னும் மோசம்: 150 நானோமீட்டர் ஆரமுள்ள துகள்மேல் 10 நானோமீட்டர் தடிமனில் பாலிமர்ப் பூச்சு இருந்து, அதைக் கணக்கில் சேர்க்க மறந்தால், உண்மையான பொ நீங்கள் நினைத்ததைவிட 21% கூடுதல். இந்த நிலையில் இரண்டு நல்ல சமன்பாடுகளுக்கு இடையிலான 0.3% வித்தியாசத்தைப் பற்றி விவாதிப்பது ஓட்டைக் குடத்தில் துளித்துளியாக அளந்து ஊற்றுவது போல.

## தனிப் பொருள்: எண்களில்

| சமன்பாடு | பொ = 0.2 | பொ = 0.3 | பொ = 0.4 | பொ = 0.49 |
|---|---|---|---|---|
| வான் டெர் வால்ஸ் விலக்கு உறுப்பு | 5.000 | பொருந்தாது | பொருந்தாது | பொருந்தாது |
| விரியல் தொடர், 10 கெழுக்கள் | 2.409 | 3.983 | 6.920 | 11.93 |
| பெர்கஸ்–யெவிக், அழுத்த வழி | 2.375 | 3.816 | 6.333 | 10.38 |
| பெர்கஸ்–யெவிக், அமுக்குமை வழி | 2.422 | 4.052 | 7.222 | 13.04 |
| கார்னஹன்–ஸ்டார்லிங் | 2.406 | 3.974 | 6.926 | 12.16 |
| கோலாஃபா | 2.409 | 3.984 | 6.946 | 12.16 |

### வான் டெர் வால்ஸ்: 1/(1 − 4பொ)

உருண்டைகள் ஒன்றையொன்று விலக்குவதைக் குறிக்கும் இந்த உறுப்பு பொ = 0.25-லேயே முடிவிலிக்குப் போய்விடுகிறது. உண்மைப் பாய்மத்துக்கு அங்கே அ வெறும் 3.07. வகுப்பறைக்கு நல்லது. முப்படி (cubic) நிலைச் சமன்பாடுகள் இந்த உறுப்பை வைத்துக்கொண்டே வேலை செய்கின்றனவே என்றால், இதன் பிழையும் ஈர்ப்பு உறுப்பின் பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால்தான். விலக்கு உறுப்பை மட்டும் ‘சரியானதாக’ மாற்றினால் அந்தச் சமரசம் குலையும். ஈர்ப்பு உறுப்பையும் புதிதாகப் பொருத்தியாக வேண்டும்.

### விரியல் தொடர்

அ-வைப் பொ-வின் அடுக்குகளில் விரித்தெழுதுவது: அ = 1 + 4பொ + 10பொ² + 18.3648பொ³ + 28.2244பொ⁴ + 39.815பொ⁵ + 53.34பொ⁶ + … முதல் சில கெழுக்கள் துல்லியமானவை. பொ⁴-இலிருந்து வருபவை எண்முறைக் கணிப்பு. பொ 0.3-க்குக் கீழே இருந்தால் இதைவிட நம்பகமானது இல்லை, மற்றவற்றை அளக்கும் அளவுகோலும் இதுவே. உறையும் புள்ளிக்கு அருகில் பத்துக் கெழுக்களும் போதவில்லை; 0.49-ல் 2% அளவுக்குக் குறைகிறது. இதுவரை கணக்கிடப்பட்ட எல்லாக் கெழுக்களும் நேர்க்குறி என்பதால் அவற்றில் எங்கே வெட்டினாலும் குறைவாகவே வரும். நான்கைந்து கெழுக்களோடு நிறுத்திவிட்டு ‘திரவத்துக்கும் போட்டுப் பார்த்தேன்’ என்பது அடிக்கடி நடக்கும் தவறு.

### பெர்கஸ்–யெவிக்

ஒரு துகளைச் சுற்றி மற்றவை எப்படிப் பரவியிருக்கும் என்பதைத் தோராயமாகச் சொல்லும் கோட்பாடு; கடினக் கோளங்களுக்கு 1963-ல் திலேயும் வெர்தைமும் தனித்தனியே அதன் பகுமுறைத் தீர்வைக் கண்டார்கள். இதில் சிக்கல், ஒரே கோட்பாட்டிலிருந்து இரண்டு பதில்கள் வருவது:

- அழுத்த வழி: (1 + 2பொ + 3பொ²)/(1 − பொ)²
- அமுக்குமை வழி: (1 + பொ + பொ²)/(1 − பொ)³

0.49-ல் இரண்டுக்கும் இடைவெளி 2.66. உண்மை நடுவில் இருக்கிறது. அழுத்தம் மட்டும் வேண்டுமென்றால் இதை எடுக்க இன்று காரணமே இல்லை. ஆனால் அமைப்புக் காரணிக்கு (சிதறல் கோணத்தோடு மாறுவதில் துகள்களின் அடுக்கம் தரும் பங்கு) மூடிய வடிவக் கோவை தருவது இதுதான் என்பதால், சிதறல் தரவைப் பொருத்தும் மென்பொருள்களில் இன்னும் இது கோலோச்சுகிறது. அங்கே ஒரு மறைசெலவு உண்டு: பொ = 0.4-ல் சுழிக் கோணத்து அமைப்புக் காரணி பெர்கஸ்–யெவிக்கில் 0.0400, கார்னஹன்–ஸ்டார்லிங்கில் 0.0431. செறிந்த மாதிரியில், சிறு கோணப் பகுதிக்கு அதிக எடை கொடுத்துப் பொருத்தினால், இந்த 7% வித்தியாசத்தை நிரல் பொ-வைக் குறைத்துக் காட்டிச் சரிக்கட்டிவிடும். பொருத்தம் அழகாக இருக்கும், விடை தவறாக இருக்கும். 1972-ன் வெர்லே–வெய்ஸ் திருத்தத்தைச் சேர்த்தால் பெருமளவு தீரும்.

### கார்னஹன்–ஸ்டார்லிங் (1969)

அ = (1 + பொ + பொ² − பொ³)/(1 − பொ)³

இது பிறந்த விதம் ரசிக்கத்தக்கது. விரியல் கெழுக்களை 4, 10, 18, 28, 40 என முழு எண்களாக்கி, அவற்றை ஒரே வாய்பாட்டில் அடக்கி, முடிவில்லாத் தொடராகக் கூட்டினார்கள். கடைசியில் அது பெர்கஸ்–யெவிக் அமுக்குமை வழியில் மூன்றில் இரண்டு பங்கும் அழுத்த வழியில் ஒரு பங்கும் சேர்ந்த கலவையாகவே அமைந்தது. பிழை பாய்ம எல்லை முழுவதும் 0.3% அளவுக்குள் அடங்கும், பொ 0.3 முதல் 0.4 வரையில்தான் அது அதிகம்.

இதன் பலம் துல்லியம் மட்டுமல்ல. எதை வகையிட்டாலும் தொகையிட்டாலும் கைக்கு அடக்கமாக வருகிறது:

- மிகைக் கட்டிலா ஆற்றல், ஒரு துகளுக்கு வெப்ப ஆற்றல் அலகில்: பொ(4 − 3பொ)/(1 − பொ)²
- மிகைக் கெமிக்கல் பொட்டன்ஷியல்: பொ(8 − 9பொ + 3பொ²)/(1 − பொ)³
- தலைகீழ் அமுக்குமை: (1 + 4பொ + 4பொ² − 4பொ³ + பொ⁴)/(1 − பொ)⁴
- தொடுகைப் பரவல் மதிப்பு (ஓர் உருண்டையைத் தொடும் தூரத்தில் மற்றவற்றின் அடர்த்தி, சராசரியைப் போல் எத்தனை மடங்கு): (1 − பொ/2)/(1 − பொ)³

மறைசெலவு உறைநிலைக்கு அப்பால். இதன் முடிவிலிப் புள்ளி பொ = 1-ல் இருக்கிறது; உண்மை உருண்டைகள் ஒழுங்கற்று நெருங்கினால் 0.64 அருகிலேயே இறுகிவிடும். பொ = 0.62-ல் கார்னஹன்–ஸ்டார்லிங் சொல்வது 32. இறுகும் புள்ளிக்கு அருகில் பொருந்தும் 3/(1 − பொ/0.64) என்ற விதி தருவது 96. கண்ணாடி நிலை பற்றிப் பேசுகிறவர் இந்தச் சமன்பாட்டை நீட்டிப் பயன்படுத்தக் கூடாது. படிகத்துக்கும் இது ஆகாது. 1998-ல் ஸ்பீடி தந்தது போன்ற திண்மச் சமன்பாடு தனியாக வேண்டும்.

### கோலாஃபா

அ = [1 + பொ + பொ² − (2/3)பொ³(1 + பொ)]/(1 − பொ)³

ஒரே ஒரு உறுப்பு மாற்றம். 0.2-ல் விரியல் தொடரோடு மூன்றாவது தசமம் வரை ஒத்துப்போவதையும், 0.3-ல் மூன்றாவது தசமத்தில் ஓர் அலகு மட்டுமே வேறுபடுவதையும் அட்டவணையில் காணலாம். சிமுலேஷன் நிரலின் அழுத்தத்தைச் சரிபார்க்கிறீர்கள் என்றால் இதையே எடுங்கள். கார்னஹன்–ஸ்டார்லிங்கை வைத்து 0.25% வித்தியாசம் கண்டு, இல்லாத பிழையை நிரலில் தேடுபவர்கள் உண்டு. செலவு: கட்டிலா ஆற்றலில் ஒரு மடக்கை உறுப்பு வந்துவிடுகிறது. இயல் மடக்கையை ‘மட’ என்று குறித்தால்,

(5/3) மட(1 − பொ) + பொ(34 − 33பொ + 4பொ²)/[6(1 − பொ)²]

கணினிக்கு இது ஒரு சுமையே அல்ல. இன்னும் நுட்பம் வேண்டுவோருக்கு 2004-ல் கோலாஃபா, லாபிக், மாலியெவ்ஸ்கி மூவரும் மூலக்கூறு இயக்கவியல் தரவில் பொருத்திய நீண்ட பல்லுறுப்புக் கோவை இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது.

## கலவை: தவறு பெரிதாகும் இடம்

விட்டத்தின் எண்ணிக்கைச் சராசரி ச₁, விட்ட வர்க்கத்தின் சராசரி ச₂, மும்மடியின் சராசரி ச₃ என்க. சோதனைக்கு ஒரு கலவை: விட்டங்கள் 1, 3; எண்ணிக்கையில் சரிபாதி; பொ = 0.4. அப்போது ச₁ = 2, ச₂ = 5, ச₃ = 14.

| வழி | அ |
|---|---|
| கன அளவுச் சராசரி விட்டம், கார்னஹன்–ஸ்டார்லிங் | 6.926 |
| வான் டெர் வால்ஸ் ஒற்றைப் பாய்மம், கார்னஹன்–ஸ்டார்லிங் | 4.286 |
| பிஎம்சிஎஸ்எல் | 5.276 |
| சாண்டோஸ்–யூஸ்டே–லோபஸ் டெ ஹாரோ, கார்னஹன்–ஸ்டார்லிங்கோடு | 5.299 |
| அதுவே, கோலாஃபாவோடு | 5.312 |

தனிப் பொருளில் நல்ல சமன்பாடுகளுக்கு இடையில் 0.3% சண்டை. இங்கே கலவை விதி மாறினால் 31% மேலே, 19% கீழே. உங்கள் நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்த அட்டவணையே சொல்லிவிடுகிறது.

### ஒற்றைப் பாய்மக் குறுக்குவழிகள்

கலவையை ‘சமான’ விட்டமுள்ள ஒரே பொருளாக நினைப்பது. மும்மடியின் சராசரியை எடுத்தால் பொ மாறாது. சிறிய உருண்டைகள் பெரியவற்றின் இடுக்கில் புகுந்துகொள்ளும் வசதி கணக்கிலேயே வராது, ஆகவே அழுத்தம் எகிறும். வான் டெர் வால்ஸ் கலவை விதி நயமாக ஏமாற்றக்கூடியது. இரண்டாம் விரியல் கெழு அதில் துல்லியமாக வரும். நீர்த்த நிலையில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். அடர்த்தி ஏறியபின்தான் 19% பள்ளம் வெளியே வரும். இந்த வழிகள் தகுவது விட்டங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது மட்டுமே.

### பிஎம்சிஎஸ்எல்

1970-ல் பௌப்லிக், 1971-ல் மன்சூரி, கார்னஹன், ஸ்டார்லிங், லீலண்ட். முதலெழுத்துகளே பெயராகிவிட்டன.

அ = 1/(1 − பொ) + 3(ச₁ச₂/ச₃)·பொ/(1 − பொ)² + (ச₂³/ச₃²)·பொ²(3 − பொ)/(1 − பொ)³

ஒரே விட்டமானால் கார்னஹன்–ஸ்டார்லிங் ஆகிவிடும். இரண்டாம், மூன்றாம் விரியல் கெழுக்கள் கலவைக்கும் துல்லியம். எத்தனை கூறுகள் இருந்தாலும், விட்டம் தொடர்ச்சியாகப் பரவியிருந்தாலும், மூன்று சராசரிகள் போதும். பிசி-சாஃப்டின் கடினக் கோள உறுப்பு இதன் கட்டிலா ஆற்றல் வடிவமே:

3(ச₁ச₂/ச₃)·பொ/(1 − பொ) + (ச₂³/ச₃²)·பொ/(1 − பொ)² + (ச₂³/ச₃² − 1)·மட(1 − பொ)

நிரலாக்கும்போது சறுக்கும் இடங்கள்:

- வாயு நிலைக்குத் தீர்வு தேட பொ = 10⁻¹⁰ என்று தொடங்குவது வழக்கம். அங்கே 1 − பொ-வைக் கணித்துவிட்டு மடக்கை எடுத்தால், இரட்டைத் துல்லியத்திலும் சார்புப் பிழை பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை போகும். எண்முறை வகைக்கெழு எடுத்தால் அது வெடிக்கும். மொழி நூலகங்களில் மட(1 + க) மதிப்பை நேரடியாகத் தரும் செயற்கூறு தனியாக இருக்கும்; க = −பொ என்று போட்டு அதைப் பயன்படுத்துங்கள்.
- திரவத் தீர்வு தேடும்போது நியூட்டன் முறை பொ-வை 0.8-க்குத் தள்ளினாலும் சமன்பாடு முகம் சுளிக்காது. 0.7405-ல் கட்டாயத் தடை வையுங்கள்.
- சாஃப்டில் விட்டம் வெப்பநிலையோடு மாறும். என்தால்பி, வெப்ப ஏற்புத்திறன் எடுக்கும்போது ச₁, ச₂, ச₃ மூன்றின் வெப்பநிலை வகைக்கெழுவும் வேண்டும். மறந்தால் அழுத்தம் சரியாக வரும், வெப்பம் சார்ந்தவை மட்டும் பிசகும். அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது.
- சராசரிகள் எண்ணிக்கைச் சராசரிகள். ‘கன அளவில் பாதிக்குப் பாதி’ என்று செய்முறைக் குறிப்பில் இருந்தால், 1:3 விட்ட விகிதத்தில் அது எண்ணிக்கையில் 27:1.

இதன் எல்லை: விட்ட விகிதம் மிகப் பெரிதாகும்போது, அரிதாக இருக்கும் பெரிய உருண்டைகளுக்கு இடையிலான தொடுகை மதிப்பைக் குறைத்துச் சொல்லும். எந்த விகிதத்திலும் இரண்டு பாய்மங்களாகப் பிரிவதை இது காட்டாது. அத்தகைய பிரிவைப் படிப்பது உங்கள் வேலை என்றால் இது தவறான கருவி.

### சாண்டோஸ்–யூஸ்டே–லோபஸ் டெ ஹாரோ (1999)

அ = 1 + (அ₀ − 1)·ச₂(ச₂² + ச₁ச₃)/(2ச₃²) + [பொ/(1 − பொ)]·[1 − ச₂(2ச₂² − ச₁ச₃)/ச₃²]

இதில் அ₀ என்பது தனிப் பொருளுக்கு உங்களுக்குப் பிடித்த எந்தச் சமன்பாடும். இதுதான் இதன் அழகு: கோலாஃபாவைப் போட்டால் அதன் துல்லியம் கலவைக்கும் கடத்தப்படும். மூன்றாம் விரியல் கெழு வரை பிஎம்சிஎஸ்எல்லோடு ஒன்றே, அ₀ அதுவரை சரியாக இருந்தால். புதிதாக எழுதும் நிரலுக்கு என் தேர்வு இதுவே. பழைய நிரலில் கொண்டுபோய்ச் செருகுவது வேறு கதை.

## எந்தச் சூழலுக்கு எது

பிசி-சாஃப்ட் போன்ற, அளபுருக்கள் பொருத்தப்பட்ட நிரல்: பிஎம்சிஎஸ்எல்லைத் தொடாதீர்கள். 2001-ல் கிராஸும் சடோவ்ஸ்கியும் பொருத்திய மாறிலிகள் அந்தக் கடினக் கோள உறுப்போடு சேர்த்துப் பொருத்தப்பட்டவை. ‘மேம்பட்ட’ உறுப்பை வைத்தால் விடை மோசமாகும்.

சிமுலேஷன் சரிபார்ப்பு: தனிப் பொருளுக்குக் கோலாஃபா, கலவைக்கு அதையே அ₀ ஆக வைத்த சாண்டோஸ் குழுவின் சமன்பாடு. பொ 0.494-ஐத் தாண்டினால் உருண்டைகள் படிகமாக உறைந்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள்.

கூழ்மம், சவ்வூடு அழுத்தம்: கார்னஹன்–ஸ்டார்லிங் தாராளமாகப் போதும். மிச்சமிருக்கும் உழைப்பை விட்டத்தை அளப்பதில் போடுங்கள். துகள்களின் விட்டப் பரவல் அகலமாக இருந்தால் பிஎம்சிஎஸ்எல்.

சுவர் அருகே, துளைக்குள் அடர்த்திப் பரவல்: இங்கே துல்லியத்தைவிட இசைவு முக்கியம். 1989-ன் ரோசன்ஃபெல்ட் சார்பியம் (அடர்த்திப் பரவலிலிருந்து கட்டிலா ஆற்றலைத் தரும் கோவை) உள்ளுக்குள் பெர்கஸ்–யெவிக் அமுக்குமை வழியைச் சுமக்கிறது. கடினச் சுவரைத் தொடும் இடத்து எண் அடர்த்தி, அழுத்தத்தை வெப்ப ஆற்றலால் வகுத்ததற்குச் சமமாக வேண்டும் என்ற விதியைக் கார்னஹன்–ஸ்டார்லிங் அழுத்தத்தோடு ஒப்பிட்டால், பொ = 0.4-ல் 4% தப்பும். கட்டம் நுணுக்கமாகவில்லையோ என்று வீணாகச் சந்தேகிப்பீர்கள். 2002-ல் வந்த ‘வெண்கரடி’ வடிவம் பிஎம்சிஎஸ்எல்மீது கட்டப்பட்டது. ஒப்பிடவும் அதையே பயன்படுத்துங்கள்.

## எழுதிய நிரலைச் சோதிக்க

எல்லா விட்டங்களையும் சமமாக்குங்கள்: பிஎம்சிஎஸ்எல் பொ = 0.4-ல் 6.9259 தர வேண்டும். பொ-வைச் சுழியை நோக்கிக் குறையுங்கள்: (அ − 1)/பொ தனிப் பொருளுக்கு 4, மேலே சொன்ன 1:3 கலவைக்கு 3.142857. கலவையில் 0.4-க்கு 5.2759. கட்டிலா ஆற்றலைப் பொ-வால் எண்முறையில் வகையிட்டுப் பொ-வால் பெருக்கினால் அ − 1 வர வேண்டும். இங்கே தவறினால் பெரும்பாலும் மடக்கை உறுப்பின் குறி பிசகியிருக்கும்.

கடைசிச் சோதனை, பலர் செய்யாதது: ஒரு கூறின் விட்டத்தைச் சுழியாக்குங்கள். புள்ளித் துகள்கள் பெரிய உருண்டைகள் விட்டுவைத்த வெற்றிடத்தில் நல்லியல்பு வாயுவாக இருக்கும். எனவே மொத்த அழுத்தம், பெரியவை மட்டும் இருக்கும்போதுள்ள அழுத்தத்தோடு, புள்ளிகளின் நல்லியல்பு அழுத்தத்தை (1 − பொ)-வால் வகுத்ததைக் கூட்டினால் வருவது. பிஎம்சிஎஸ்எல்லும் சாண்டோஸ் குழுவின் சமன்பாடும் இதைத் துல்லியமாகத் தாண்டும். சராசரிகளில் எங்காவது எண்ணிக்கைப் பங்கும் கன அளவுப் பங்கும் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனையில் பிடிபட்டுவிடும்.